கட்டில் சொன்ன குணம்

"முன்னேற்றம் தொண்ணூற்றாறு. டிஸ்சார்ஜ்!" என்று அறிவித்தது, நோயாளிக்குத் தானே மார்க் போடும் குழந்தைகள் வார்டின் கட்டில்.

நர்ஸ் ஜெசிந்தாவுக்கு ரத்தம் கொதித்தது. நேற்று ஊசியைக் கண்டதும் அவளை எட்டி உதைத்த நான்கு வயது இனியவன், இன்று பேசாமல் கையை நீட்டினான். உதைக்கக்கூடத் தெம்பில்லை. கட்டிலோ அதை 'ஒத்துழைப்பு' என்று பத்து மார்க் கூட்டியிருந்தது!

டாக்டருக்குப் போன் செய்தாள்.

"மார்க் இறங்கினாத்தான் நான் வர முடியும், சிஸ்டர். ரூல் தெரியும்ல?"

"இறக்கணும், அவ்வளவுதானே?"

செருப்பை உதறிவிட்டு இனியவன் பக்கத்தில் ஏறிப் படுத்தாள். பிள்ளையின் எடை திடீரென எகிறியதாகக் கட்டில் கணக்கிட, மார்க் பூஜ்யத்துக்குச் சரிந்தது. அபாயமணி அலறியது.

டாக்டர் ஓடி வந்தார். "என்ன அக்கிரமம் இது?"

"எது அக்கிரமம்? முதல்ல புள்ளையப் பாருங்க!"

இமையை விலக்கிப் பார்த்தவரின் முகம் மாறியது. "ஐ.சி.யூ.வுக்குச் சொல்லுங்க, சீக்கிரம்!"

"நீங்களே சொல்லுங்க. நான் இறங்கினா இது இவனை வீட்டுக்கு அனுப்பிடும்!"