பதில் வந்தால்தான் அடுத்தது

காதுக்குள் பதித்த 'சாக்கெட்' என்ற செய்திக் கருவிக்கு ஒரே சட்டம்: அனுப்பியதற்குப் பதில் வராமல் அடுத்த செய்தி நகராது. காலையில் நிறைமாத மனைவி மதுரா, "நான் ரொம்ப குண்டாயிட்டேனா?" என்று கேட்டிருந்தாள். பரிதி உஷாராகப் பதிலே போடவில்லை. ஆபீசில் நாள் முழுக்க அப்படியொரு நிம்மதி.

வீடு திரும்பினால் கதவில் பூட்டு. பதறிப்போய், "சேச்சே, இல்லவே இல்ல!" என்று அனுப்பினான். காலையிலிருந்து வரிசையில் நின்றவை ஒவ்வொன்றாக வந்தன.

"வலி எடுத்திருச்சுங்க!"

"ஐயோ! இதோ வரேன்!"

"அம்மாகூட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன்."

"சரிம்மா, சரி!"

"பொண்ணு பொறந்திருக்கா."

பரிதிக்குக் கண் கலங்கியது. "என் தங்கமே!"

"யாரு அழகு? அவளா, நானா?"

பரிதி பூட்டையே பார்த்தபடி நின்றான். எந்த ஆஸ்பத்திரி என்பது அதற்கு அடுத்த செய்தியில்தான் வரும்.