கம்பளிக் காடு

"என் கட்டிலுக்குப் பின்னால இருக்கிற சுவர்லயே இதை மாட்டிடலாம் கண்ணு" என்று லாக்லன் கைகாட்டியதும் டாம்சினுக்குத் திக்கென்றது.

அந்தச் சுவரா? அதற்கு மறுபக்கம் அவளுடைய வீடு. சுவரை ஒட்டினாற்போல மகள் ஹினாவின் தொட்டில்.

"அங்கே வெளிச்சமே வராதே! ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல மாட்டுங்க. காலையில காட்டுக்குள்ள கண் முழிச்ச மாதிரி இருக்கும்."

"வேணாம், வேணாம். இங்கதான். நீ உக்காரு, டீ போட்டு வச்சிருக்கேன்."

உட்காரவாவது! தோளில் சுமந்துவந்த மூட்டையை இறக்கக்கூட மனசில்லாமல் அங்கேயும் இங்கேயும் நடந்தாள். பெரணியும் பாசியுமாகக் கம்பளி நூலில் அவளே பின்னிய காடு அது. டனீடின் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் அவள் கடைக்குத் தேடிவந்து, "நல்லாத் தடிமனா, சுவர் முழுக்க வர்ற மாதிரி பின்னிக் குடு" என்று கேட்டவர் இந்த மனுஷன்தான். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இவ்வளவு ரசனையா என்று எப்படிப் பூரித்துப்போனாள்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? "மனசுக்கு இதமா இருக்கும். சத்தத்தைக்கூட உறிஞ்சிடும்" என்று வேறு அளந்துவிட்டாள்.

சத்தம்! இப்போதல்லவா புரிகிறது.

போன வீட்டிலும் இப்படித்தான். முதலில் முகச்சுளிப்பு. அப்புறம் ஓனரிடம் புகார். குழந்தை ஓயாமல் அழுகிறதென்று காலி பண்ணவே வைத்துவிட்டார்கள். இங்கேயும் அதே கதை என்றால் இந்தக் குளிரில் கைக்குழந்தையோடு எங்கே போய் நிற்பது?

அவளால் அடக்க முடியவில்லை.

"நேராவே சொல்லியிருக்கலாமே லாக்லன்! என் குழந்தை அழுறது உங்க காதுல விழக்கூடாது. அதுக்கு என்னையே பின்ன வச்சிருக்கீங்க, அப்படித்தானே?"

"அய்யய்யோ, அது இல்ல கண்ணு..."

"எது இல்ல? பல்லு முளைக்குது, அழத்தான் செய்யும். வாயைப் பொத்தியா வைக்க முடியும்? ஓனர்கிட்ட சொல்றதுன்னா தாராளமா சொல்லிக்கோங்க!"

பெரியவர் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்க இருமினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹினா வீலென்று அலறினாள். "அடக் கடவுளே, இப்பத்தானே தூங்க வச்சேன்!" என்று டாம்சினின் கணவன் ரெவி புலம்புவதும் தெளிவாகக் கேட்டது.

லாக்லன் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று.

"பாத்தியா? நான் இருமுறப்பல்லாம் பாவம், குட்டி பதறி முழிச்சுக்குது. இது ஒண்ணு போதுமா கண்ணு, இல்ல இன்னொரு அடுக்கும் பின்னித் தர்றியா?"