அப்டேட்டுக்கு நல்ல நேரம்

"கையை எடும்மா. அந்தப் பட்டனைத் தொடாத."

நந்தினியின் விரல் மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. பின்னால் செல்வம் சார் நின்றிருந்தார்.

"சார், ஆப் எழுதுற சாஃப்ட்வேரோட சேர்ந்து ஓடுற பிளகினுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கு. பழசை வெச்சு ஆப் போட்டா புது போன்ல ஓடாது. அப்டேட்டை அமுக்கினா அஞ்சு நிமிஷ வேலை."

"அமுக்கலாம். இப்ப வேணாம்." சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பத்தரை. ராகு காலம் ஆரம்பிச்சுடுச்சு. பன்னெண்டுக்கு மேல பார்த்துக்கலாம்."

நந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செருப்புக் கடை மாடியில் இருக்கும் இந்தச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் அவள் சேர்ந்ததே இந்தத் திங்கட்கிழமைதான். வெங்காய வியாபாரிகளுக்கான ஆப்பை இன்றைக்கு அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பிவிட்டால் ஊருக்குக் கிளம்பலாம் என்று சார் சொல்லியிருந்தார். சாயங்காலம் மீன்சுருட்டியில் அவள் அக்கா பூங்குழலிக்குப் பரிசம் போடுகிறார்கள். "நீ வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று அக்கா காலையிலேயே போனில் மிரட்டியிருந்தாள். ரெண்டு மணி பஸ்ஸை விட்டால் அரியலூர், ஜெயங்கொண்டம் என்று மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பந்தியே முடிந்து இலை எடுத்திருப்பார்கள்.

"கம்ப்யூட்டருக்கு ஏது சார் ராகு காலம்?"

"கம்ப்யூட்டருக்கு இல்லம்மா. அதை அமுக்குற ஆளுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு சார் தன் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த வெற்றிச்செல்வி, ஆபீஸிலேயே சீனியர், காதோடு சொன்னாள். "சார் பழக்கம் அது. எந்த அப்டேட் வந்தாலும் ராகு காலம் தாண்டித்தான். பேசாம போயி ஒரு டீ குடிச்சுட்டு வா."

நந்தினி டீ குடித்துவிட்டு வந்தாள். மணி நகரவே இல்லை. ஓரக்கண்ணால் சாரைப் பார்த்தாள். அவர் தன் கம்ப்யூட்டரை வெறித்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன. நடுநடுவே கீபோர்டில் நாலு தட்டு தட்டுவார், தலையை ஆட்டிக்கொள்வார், மறுபடி உதடு அசையும். மந்திரம் வேறா என்று நந்தினி தலையில் அடித்துக்கொண்டாள். எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்து மாட்டிய இடத்தைப் பார் என்று எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப ஆரம்பி. முதல்ல பழைய பிளகினை மொத்தமா எடுத்துடு. அது மேலயே புதுசைப் போட்டா ரெண்டும் சண்டை போடும்."

எடுத்தாள். புதியதைப் போட்டாள்.

"இப்ப சிவப்பா ஒரு எரர் வரும். பயப்படாத."

வந்தது.

"எல்லாத்தையும் மூடிட்டுத் திரும்பத் திற."

திறந்தாள். எரரைக் காணோம்.

"புரோகிராம் வரிகளைத் தானா அடுக்குற வசதியை ஆஃப் பண்ணு. இந்த வெர்ஷன்ல அது தமிழ் எழுத்தையெல்லாம் கொத்துப் பரோட்டா போட்டுடும்."

ஆஃப் செய்தாள். ஒரு மணிக்கெல்லாம் ஆப் வியாபாரிகளுக்குப் போய்ச் சேர்ந்து, 'சூப்பர்' என்று பதிலும் வந்துவிட்டது. நந்தினி சாரைத் திரும்பிப் பார்த்தாள். வரப்போகிற எரரை வருவதற்கு முன்பே சொல்கிறாரே மனுஷர். சந்தோஷம் தாங்காமல் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வேலை முடிஞ்சுடுச்சு. ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சுடுவேன். நீ சொல்றப்பல்லாம் சிரிப்பேன்ல, ராகு காலம் நெசந்தாம்மா. பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும் சார் தொடவே விடல. அது தாண்டித் தொட்டோம், தங்கமா முடிஞ்சுது."

"யாருடி உங்க சாரு?" என்றாள் அம்மா. "பத்தரைங்கிறது வெள்ளிக்கிழமைக்கு. இன்னிக்குப் புதன். பன்னெண்டுலேருந்து ஒன்றரைதான் ராகு காலம். நானே அதுக்குப் பயந்துதான் தாம்பூலத் தட்டை இன்னும் வெளியில எடுக்கல."

நந்தினி கடிகாரத்தைப் பார்த்தாள். அசல் ராகு காலம் முடிய இன்னும் நேரம் இருந்தது.

"சார்," என்றாள் மெதுவாக. "நாம வேலை பார்த்ததே ராகு காலத்துலதான் சார்."

சார் கொஞ்சம் நெளிந்தார். பிறகு சிரித்துவிட்டுத் தன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பிளகினை வெளியிட்டவங்களே 'இன்னின்ன கோளாறு இருக்கு, இப்படிச் சமாளிங்க'ன்னு எழுதிப் போட்டிருக்காங்க பாரு. அதைப் படிச்சு, என் மெஷின்ல போட்டுப் பார்க்க எனக்கு நேரம் வேணும்ல. பொறுங்கன்னா இங்க யாரு பொறுக்குறா? ஒரு வாட்டி நம்ம வெற்றிச்செல்வி படக்குன்னு அமுக்கப் போயி, மூணு நாள் ஆபீஸே படுத்துடுச்சு. ராகு காலம்னு சொன்னேன், அன்னிலேருந்து ஒருத்தரும் எதிர்த்துப் பேசல."

"அதுக்காகக் கிழமையைக் கூடப் பார்க்காமயா சார் சொல்லுவீங்க?"

"ஏம்மா, அது கிழமைக்குக் கிழமை மாறுமா என்ன?" சார் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

வெற்றிச்செல்வியால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அவரை ஏன்டி கேக்குற? சார் முழுப் பேரு ஆரோக்கியசெல்வம். ஏலாக்குறிச்சி மாதா கோவில்ல ஞானஸ்நானம் வாங்கினவரு. நான் என்னிக்கோ ஒரு வெள்ளிக்கிழமை சொன்ன ராகு காலத்தை வெச்சே இத்தனை வருஷமா ஓட்டிக்கிட்டிருக்காரு."