லொக்கேஷன் வெங்கம்பாக்கம்

போலீஸ்காரர் பேச்சை அப்படியே நம்புகிற திருடன் ஊருக்கு ஒருவன் இருந்தாலே அதிசயம். பரணிதரன் நம்பினான்.

செங்கல்பட்டுக் காயலான் கடையில், ஆயுள் முடிந்த ஜீப் ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்த வாக்கிடாக்கி கிடந்தது. வாங்கி, தட்டிக்கொட்டிப் பேச வைத்தான். அன்றிலிருந்து மூன்று வாரமாகக் காதில் இயர்போன், கையில் நோட்டு. ஏழாம் எண் ரோந்து வண்டியிலிருந்து ஏட்டு அப்பாசாமி மணிக்கொரு தரம் கன்ட்ரோல் ரூமுக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொல்வார். பத்துக்குப் பூஞ்சேரி, பதினொன்றுக்கு வெங்கம்பாக்கம் கூட்ரோடு, ஒரு நாள்கூடப் பிசகு கிடையாது. மின்சார ரயிலே தன் இஷ்டத்துக்கு வருகிற ஜில்லாவில் இப்படி ஒரு கடமை வீரரா என்று பரணிதரனுக்குப் புல்லரித்தது. ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைத்தான்.

எழுத வேண்டிய அவசியமும் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை உள்ளே போய் வந்தவன். மூன்றாவது தடவை மாட்டினால் அஞ்சு வருஷத்துக்குக் குறையாது என்று வக்கீல் அடித்துச் சொல்லியிருந்தார்.

அவன் பார்த்து வைத்த வீடு பட்டிபுலத்தில் இருந்தது. பின்னால் சவுக்குத் தோப்பு. வீட்டுக்காரி சங்கரியும் புருஷனும் ஒன்பது மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள்.

பதினோரு மணி. இயர்போனில் அப்பாசாமியின் குரல் கணீரென்று வந்தது.

"லொக்கேஷன் வெங்கம்பாக்கம் கூட்ரோடுங்க ஐயா. வாகனத் தணிக்கையில இருக்கோம். ஓவர்."

இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. பரணிதரன் அதையும் நோட்டில் எழுதிப் பைக்குள் போட்டுவிட்டு, நிம்மதியாகப் பூட்டை உடைத்தான். அரை மணியில் பீரோ காலி, பை கனம். பின்பக்கச் சுவர் ஏறித் தோப்புக்குள் குதித்தான்.

கால் பட்ட இடம் மண் இல்லை, ஜீப்பின் கூரை. சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல, சைரன் ஊளையிட ஆரம்பித்தது.

சவுக்கு நிழலில் நின்ற ஏழாம் எண் வண்டியின் முன் சீட்டில், பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார் அப்பாசாமி. பின் சீட்டில் டிரைவர் மணியின் குறட்டை அப்போதுதான் நின்றது.

ஏட்டு பாய்ந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்தார். அதற்குள் மைக் கரகரத்தது. அது என்ன சைரன் என்று கன்ட்ரோல் ரூம் கேட்டது. கூட்ரோட்டில் டிராஃபிக் ஜாஸ்தி என்று வாயில் இட்லியோடு சொல்லி வைத்தார் அப்பாசாமி. சைரனை நிறுத்த மணி ஒரு ஒயரைப் பிடுங்கினான். வைப்பர் ஓட ஆரம்பித்தது. கடலோர உப்புக் காற்றில் ஒயரெல்லாம் துருப்பிடித்துப் போச்சு, அது தானாக நின்றால்தான் உண்டு என்று கையை விரித்தான்.

பரணிதரனுக்கு அந்த நிலையிலும் மூளை வேலை செய்தது.

"ஏட்டையா, என்ன பட்டிபுலத்துல புட்ச்சேன்னு எழுதுவியா? அப்ப வெங்கம்பாக்கத்துல வண்டி செக் பண்ணது யாருன்னு கேப்பாங்களே."

அப்பாசாமியின் பிடி தளர்ந்தது. ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாதம். பொய் லொக்கேஷன் சொன்ன இன்னொரு ஏட்டை போன மாதம்தான் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். பென்ஷனே போய்விடும் என்கிற பயம் அந்த முகத்தில் பச்சையாகத் தெரிந்தது. நகைப் பையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"பை எங்கிட்ட இருக்கட்டும். நீ ஏறு. வெங்கம்பாக்கத்துல எறக்கி வுடறேன். ஒனக்கு பஸ்ஸு, எனக்கு லொக்கேஷன்."

நகை போனாலும் தலை தப்பியதே! இந்த டிபார்ட்மென்ட்டில் இதுதான் ரேட் என்று பரணிதரன் மனசைத் தேற்றிக்கொண்டான். அப்பாசாமி வாக்குத் தவறாதவர் என்று மூன்று வாரமாக நோட்டுப் போட்டு எழுதினவன் ஆயிற்றே.

அடைமழையில் போவதுபோல வைப்பர் ஆட, சைரன் அலற, உச்சி வெயிலில் ஜீப் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்தது. டூரிஸ்ட் பஸ்கள் ஒதுங்கின. மாமல்லபுரம் திருப்பத்தில் டிராஃபிக் கான்ஸ்டபிள் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி சல்யூட் வைத்தார். பின் சீட்டில் பரணிதரன் மந்திரி மாதிரி உட்கார்ந்து, லேசாகக் கையைக்கூட அசைத்தான்.

வெங்கம்பாக்கம் கூட்ரோட்டில் வண்டி நின்றதும், அதற்காகவே காத்திருந்ததுபோல் சைரனும் ஓய்ந்தது. அப்பாசாமி பூட்ஸ் மாட்டி, தொப்பி வைத்து, கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்து மரியாதையாக இறக்கினார். இறக்கிய கையை விடவில்லை. இன்னொரு கையில் மைக் இருந்தது.

"ஐயா, வாகனத் தணிக்கையில ஒரு ஆளு சிக்கியிருக்கான். நகைப் பை, நம்ம டிபார்ட்மென்ட் வாக்கிடாக்கி ரெண்டும் கையில இருந்துச்சிங்க. ஓவர்."

பரணிதரன் கையை உதறிப் பார்த்தான். ஏட்டையா பட்டிபுலத்தில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கோர்ட்டில் சொல்லாமல் விடமாட்டேன் என்று கத்தினான்.

அப்பாசாமி பைக்குள் கையை விட்டு அவனுடைய நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"பதினொரு மணி, வெங்கம்பாக்கம் கூட்ரோடு. ஒன் கையெழுத்துதான நைனா?"

விலங்கு மாட்டிய கையோடு பரணிதரன் சுற்றிலும் பார்த்தான். ஏழாம் எண் ரோந்து வண்டி, மைக்கில் சொன்ன இடத்தில் நின்றது அந்த வருஷத்திலேயே அன்றைக்குத்தான்.