தூர் வாரச் சொன்ன கமிட்டி

காட்டுச் சபை கூடப் போகிறது, ஒவ்வொரு குளமும் தன் முதல் கோரிக்கையைச் சொல்லி அனுப்பலாம் என்று மைனா வந்து அறிவித்தது. உடனே குளத்துக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் தவளை, ஆமை, நண்டு, அவ்வளவுதான்.

"குளத்தைத் தூர் வாரணும். அதுதான் முதல் கோரிக்கை," என்றது தலைவர் தவளை. மற்ற இரண்டும் உற்சாகமாகத் தலையாட்டின. சபை ஒரு வார்த்தை சொன்னால் போதும், யானைகள் வந்து அடிச்சேறு வரை அள்ளிவிடும்.

யார் பெயரை முதலில் சொல்வது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"தலைவர் பெயர்தான் முதல்ல," என்றது தவளை.

"அகர வரிசைப்படி ஆமைதான் முதல்ல," என்றது ஆமை.

மைனா கிளையில் காத்திருந்தது. பொழுது சாயும்வரை சண்டை ஓயவில்லை.

"நீங்க அடிச்சுக்குங்க, நான் போய்ப் படுக்கிறேன்," என்று நண்டு சேற்றுக்குள் இறங்கியது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

"அண்ணே! சேத்தை அள்ளிட்டா நான் எங்கே படுக்கிறது?"

ஆமையின் கழுத்து உள்ளே போயிற்று. "கோடையில நானும் அங்கேதானே கிடப்பேன்!"

"நானும்தான்," என்றது தவளை, மெல்ல.

மூன்றும் பதறி அண்ணாந்து பார்த்தன. மைனா இன்னும் கிளையிலேயே இருந்தது.

"பெயர் முடிவாச்சா? கிளம்பட்டுமா?"

"வேண்டாம், போயிடாதே!"

மூன்றும் பெருமூச்சு விட்டன. "நல்லவேளை, சண்டை போட்டோம்," என்று சிரித்தது தவளை.

"சண்டையை ஆரம்பிச்சது நான்தான்," என்றது ஆமை.

"யார் சொன்னது? நான்தான்!" என்றது தவளை.