எடுத்த கால்

பிளக்கை இன்னும் சொருகவில்லை. வயரின் நுனியைக் கண்ணெதிரே மெசின் மேலேயே போட்டு வைத்திருந்தான். போகிற போக்கில் யாராவது சொருகிவிட்டால்? சூடு கண்ட பூனை அவன்.

பைப்பு முனையில் திருகுமரை போடும் மெசின். போன விஜயதசமியன்று அவனுடைய வலது கையை முறுக்கிப் போட்டதிலிருந்து தார்ப்பாய்க்குள் கிடந்தது.

இன்று மறுபடி விஜயதசமி.

மனைவி பூங்கோதை மெசினுக்குப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினாள். கால் சுவிட்சின் மிதிக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். வண்டிக்குச் சக்கரத்தடியில் வைக்கிறோம், சக்கரம் இல்லாத மெசினுக்கு எங்கே வைப்பது? அது அவளே கண்டுபிடித்த வழி.

மிதித்தான். பழம் நசுங்கியது. திருஷ்டி போயிற்று என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தட்டோடு வாசலில் நின்ற வண்டிக்குப் பொட்டு வைக்கப் போனாள்.

போன வருஷமும் பழத்தை நசுக்கினான். நசுக்கிய கையோடு பைப்பை மாட்டினான். வேறு எதையும் பார்க்கவில்லை.

இன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான்.

பைப்பைக் கவ்வும் தாடைகளைக் கையால் சுற்றினான். ஒன்றில்கூடப் பல் உடையவில்லை. மரை வெட்டும் டைகளில் ஒட்டியிருந்த பழைய இரும்புச் சுருளைப் பிரஷ்ஷால் தள்ளினான். எண்ணெய் ஊற்றினான். வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். எங்கும் கீறல் இல்லை. பைப்பின் நீண்ட முனை தொங்காமலிருக்கத் தாங்கியை நகர்த்திப் போட்டான்.

கையுறை போடவில்லை, அதுவும் பைப்போடு சுற்றிக்கொள்ளும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தான். அன்றைக்கு மடிக்கவில்லை. சுற்றுகிற பைப்பு முதலில் பிடித்தது சட்டைக் கையைத்தான்.

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு’ என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, போனது அவன் கை.

கடைசியாகக் கால் சுவிட்ச். மிதித்தால் ஓட வேண்டும், காலை எடுத்தால் நிற்க வேண்டும். உயிர் அதில்தான் இருக்கிறது.

மிதித்தான்.

காலை எடுத்தான்.

மிதி எழவில்லை.

உட்கார்ந்து சுவிட்சைத் தூக்கி, மூடிக்குள் விரலை விட்டான். எலுமிச்சைத் தோல் மடங்கி மிதியின் இடுக்கில் சிக்கியிருந்தது. இழுத்தான். வந்தது.

அதன் பின்னால் இன்னொன்றும் வந்தது.

கருத்துக் காய்ந்த தோல். இரண்டு விதைகள் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். தெருவில் இறங்கிக் கத்தலாம் போலிருந்தது. காலை எடுத்தேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்! யார் நம்பினார்கள்? அன்று விழுந்த வேகத்தில் சுவிட்ச் உருண்டு கவிழ்ந்தது. தோல் அப்போது இடுக்கிலிருந்து உள்ளே நழுவியிருக்கும். பார்க்க வந்த மெக்கானிக், மிதி நன்றாகத்தான் எழுகிறது என்றான். காலையிலேயே குடித்திருப்பான் என்றது ஊர். பூங்கோதையின் அண்ணன் நல்லசிவமும் அதையே சொன்னார்.

அவள் ஒருத்திதான் நம்பினாள். அண்ணனோடு சண்டை போட்டாள். பிறந்த வீட்டு வாசலை மிதிப்பதையே விட்டுவிட்டாள். அண்ணன் மகள் காதுகுத்துக்கு, அத்தைக்காரி அவள், போகவில்லை.

பழத்தை வைத்தது அவள்.

சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. கருத்த தோலை வலது கையில் மூட முயன்றான். சுண்டுவிரல் மடங்காது. அவசரமாக இடது கைக்கு மாற்றினான்.

“ஏனுங்க, அதுக்குள்ள என்னமோ இருந்துச்சாட்ட?”

“இப்ப நசுக்கின பழந்தான். தொடைச்சு உட்டேன்.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மெசினைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

“அன்னிக்கு நீங்க காலை எடுத்தீங்க. எனக்குத் தெரியுமுங்க. இதுலதான் என்னமோ கோளாறு. இன்னிக்காச்சும் கண்டுபுடிச்சீங்களா?”

எத்தனையோ பேரிடம் அவன் கேட்டுக் கெஞ்சிய நம்பிக்கை அது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் யோக்கியனாகிவிடுவான். அவள் அதற்கப்புறம் எந்தச் சாமிக்கும் எதையும் நிம்மதியாக வைக்க மாட்டாள். அவன் கைக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போதெல்லாம் அழுவாள்.

“மெசின்ல ஒண்ணுமில்ல புள்ள” என்றான். “நாந்தான் காலை எடுக்கல.”

“என்னங்க சொல்றீங்க?”

“அன்னிக்கு ஊத்திக்கிட்டுத்தான் வந்திருந்தேன்.”

பூங்கோதை அவனைப் பார்த்தாள். ஊர் முழுக்க அவனுக்குப் பழகிப்போன பார்வைதான். அவள் கண்ணில் இப்போதுதான் முதல்முறை. இத்தனை வலிக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

“எங்க அண்ணன நான் என்னென்ன பேசிப்போட்டேன்” என்றாள்.

அவன் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

“போயி அண்ணனுக்குப் போனைப் போடு” என்றான்.