பதினெட்டுக்கு ஒரு நாள் குறைவு

சிறார் கண்ணில் பிணம் படக் கூடாது என்பது சட்டம். பதினெட்டு வயது முடியத் தாமிராவுக்கு இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. ஆனாலும் அரசு பொருத்திய கண்வில்லை, பாடையில் கிடந்த அவள் அப்பாவின் முகத்தைச் சாம்பல் நிறக் கட்டத்தால் மூடிவிட்டது. வெற்றிடத்தை வீணாக்குவானேன் என்று அதற்குள் ஒரு சாக்லேட் விளம்பரம் வேறு ஆடிக்கொண்டிருந்தது.

வாய்க்கரிசி போடக் குத்துமதிப்பாகக் கை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ... ஐயோ, அது கண்ணும்மா!" என்று சித்தப்பா அவள் கையைப் பிடித்து நகர்த்தினார். சாக்லேட்டின்மேல் அரிசியைப் போட்டாள்.

மறுநாள் காலை, சுடுகாட்டில் சித்தப்பா அஸ்திக் கலயத்தைக் கையில் கொடுத்தபோது, கண்ணுக்குள் எழுத்துகள் மின்னின.

"பிறந்தநாள் வாழ்த்துகள்! இனி நீங்கள் எதையும் பார்க்கலாம்."

காறித் துப்பத் தோன்றியது. கண்ணுக்குள் இருப்பதன்மேல் எப்படித் துப்புவது?